15 நிமிட கோல்ட் ப்ரூ மெஷின்: 9,000 ரூபாய்க்கு நாம எதை வாங்குறோம்?



வெயில் ஏற ஏற, போன்ல ஒரு விளம்பரம் அடிக்கடி வர ஆரம்பிக்கும். சமையல் மேடை மேல வைக்கிற ஒரு சின்ன மெஷின். கண்ணாடி ஜாடி, அடியில மோட்டார், ஒரே ஒரு பட்டன். "ராத்திரி முழுக்க ஊற வேண்டாம், 15 நிமிஷத்துல கோல்ட் ப்ரூ ரெடி"ன்னு சொல்வாங்க. கூடவே ஒரு கணக்கும் வரும்: கஃபேல ஒரு கிளாஸ் 250 ரூபாய், வீட்டுல 36 ரூபாய்தான், மூணு நாலு மாசத்துல மெஷின் காசு கைக்கு வந்துடும்.

கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா இந்தக் கணக்கு ஒரு இடத்துல உடையுது. அது எங்கேன்னு கண்டுபிடிக்கிறதுதான் இன்னைக்குப் பாடம். காபியை வீட்டுல எப்படிப் போடுறதுன்னும் முழுசா பார்த்துடுவோம், மெஷின்லயும் சரி, மெஷின் இல்லாமலும் சரி. செய்முறை தெரியாம செலவுக் கணக்கு போட முடியாது.

ஒரு குறிப்பு: கீழே வர்ற விலை எல்லாம் கணக்குக்காக எடுத்துக்கிட்டது. கஃபே காபி ஒரு கிளாஸ் 250 ரூபாய், மெஷின் 9,000 ரூபாய், சிக்கரி கலக்காத காபித்தூள் கிலோ 1,200 ரூபாய் (அதாவது கிராமுக்கு 1.20). உங்க ஊர் விலை வேற மாதிரி இருந்தா, அதைப் போட்டுக் கணக்கைத் திரும்பப் பண்ணுங்க. வழிமுறை மாறாது.

முதல்ல, கோல்ட் ப்ரூன்னா என்ன?

சூடா போட்ட காபில ஐஸ் போட்டா அது ஐஸ் காபி. கோல்ட் ப்ரூ அப்படி இல்லை. அதுல சூடான தண்ணியே கிடையாது. கொரகொரப்பா அரைச்ச காபித்தூளைப் பச்சைத் தண்ணியில 12 மணி நேரத்துல இருந்து 24 மணி நேரம் வரைக்கும் ஊற வச்சு வடிகட்டுவாங்க. அவ்வளவுதான்.

தூள்ல இருக்கிற சுவை தண்ணியில இறங்கணும்னா நாலு விஷயம் வேலை செய்யுது: தண்ணியோட சூடு, ஊறுற நேரம், தூள் எவ்வளவு நைஸா இருக்கு, தண்ணி எவ்வளவு அசையுது. நம்ம வீட்டு ஃபில்டர்ல கொதிக்கிற தண்ணி ஊத்துறோம், அதனால கால் மணி நேரத்துல டிகாக்ஷன் இறங்கிடுது. கோல்ட் ப்ரூல சூட்டை எடுத்துட்டோம். அந்தக் குறையை நேரத்தை வச்சு ஈடு கட்டுறோம்.

பச்சைத் தண்ணியில கசப்பு குறைவா இறங்கும். வாசனையும் கொஞ்சம் குறைவாத்தான் இருக்கும். குடிக்க வழவழன்னு, லேசான இனிப்போட இருக்கிற மாதிரி தெரியும். "கோல்ட் ப்ரூல அமிலமே இல்லை, அசிடிட்டி உள்ளவங்க தாராளமா குடிக்கலாம்"னு சில விற்பனைப் பக்கங்கள்ல போட்டிருப்பாங்க. அதை அப்படியே நம்பிடாதீங்க. அமெரிக்காவுல தாமஸ் ஜெபர்சன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நைனி ராவும் மேகன் ஃபுல்லரும் 2018ல வெளியிட்ட ஆய்வுல, சூடா போட்ட காபிக்கும் கோல்ட் ப்ரூவுக்கும் பி.எச். அளவு கிட்டத்தட்ட ஒண்ணுதான்னு தெரிய வந்தது. சூடான காபில மொத்த அமிலம் கூடுதலா இருந்தது உண்மை. ஆனா அதை வச்சு கோல்ட் ப்ரூவை வயித்து மருந்தாக்கிட முடியாது.

மெஷின் எப்படி 15 நிமிஷத்துல முடிக்குது?

இதுல ஏமாத்து எதுவும் இல்லை. அந்த நாலு விஷயத்துல சூடும் இல்லை, நேரமும் இல்லைன்னா, மிச்சம் இருக்கிற ரெண்டை மெஷின் கூட்டுது. சில மாடல்ல ஒரு பம்ப் தண்ணியைத் தூள் வழியா திரும்பத் திரும்ப ஓட விடும். சில மாடல்ல தூள் இருக்கிற கூடை சுத்தும். சிலதுல காத்தை உறிஞ்சி ஜாடிக்குள்ள அழுத்தத்தைக் குறைப்பாங்க. மாடலைப் பொறுத்து 5 நிமிஷத்துல இருந்து 45 நிமிஷம் வரைக்கும் ஆகும். 2024ல சிட்னியில நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் மீயொலி அலைகளைப் பயன்படுத்தி 3 நிமிஷத்துக்குள்ளயே கோல்ட் ப்ரூ எடுத்துக் காட்டினாங்க. ஆக, வேகம்ங்கிறது நிஜம்.

ஆனா நேரத்தைச் சுருக்கினா, ஒவ்வொரு கிராம் தூள்ல இருந்தும் இறங்குற சுவை பொதுவா குறையும். அதே திக்னஸ் வேணும்னா தூளைக் கொஞ்சம் கூடப் போடணும். விளம்பரத்துல இந்தச் செலவு வராது. நம்ம கணக்குல வரும்.

செய்முறை 1: பாட்டில் முறை (ராத்திரி ஊற வைக்கிறது)

தேவையானது: 1.5 லிட்டர் பிடிக்கிற வாய் அகலமான கண்ணாடி பாட்டில், வெள்ளைத் துணி. ரெண்டும் சேர்ந்து 300 ரூபாய்னு வச்சுக்குவோம். வீட்டுல ஊறுகாய் பாட்டில் காலியா இருந்தா அதுவும் போதும். ஆனா மசாலா வாசனை போற வரைக்கும் நல்லா கழுவணும்.

1. காபித்தூள் கடையில "ஃபில்டருக்கு இல்லை, கோதுமை ரவை மாதிரி பெருசா அரைச்சுக் குடுங்க"ன்னு கேளுங்க. நைஸா அரைச்சா வடிகட்டும்போது துணி அடைச்சுக்கும், அடியில வண்டலும் தங்கும்.

2. 100 கிராம் தூளுக்கு 1 லிட்டர் குடிதண்ணி. பாட்டில்ல போட்டு, எல்லாத் தூளும் நனையுற மாதிரி ஒரு நிமிஷம் கிளறுங்க.

3. மூடி ஃப்ரிட்ஜ்ல வைங்க. 16 மணி நேரத்துல இருந்து 20 மணி நேரம். நம்ம ஊர் வெயிலுக்கு வெளியில வைக்கிறதை விட ஃப்ரிட்ஜ்தான் பாதுகாப்பு.

4. வீட்டுல இருக்கிற டிகாக்ஷன் ஃபில்டரோட மேல் பாத்திரத்துல துணியைப் போட்டு வடிகட்டுங்க. துணியைப் பிழியாதீங்க. பிழிஞ்சா கசப்பும் வண்டலும் சேர்ந்து வந்துடும்.

தூள் தன் எடையைப் போல சுமார் ரெண்டு மடங்கு தண்ணியைக் குடிச்சிடும். அதனால 1 லிட்டர்ல 800 மில்லி கைக்கு வரும். 200 மில்லி கிளாஸ்னா நாலு கிளாஸ். ஒரு கிளாஸுக்கு 25 கிராம் தூள், அதாவது 30 ரூபாய். நாலு நாளைக்குள்ள குடிச்சு முடிச்சிடுங்க. பால் கலந்துட்டா அன்னைக்கே காலி பண்ணிடணும்.

தூள் வாங்கும்போது இன்னொண்ணு கவனிங்க. நம்ம நாட்டு உணவுப் பாதுகாப்பு விதிப்படி, காபி-சிக்கரி கலவையில காபி குறைஞ்சது 51 சதவீதம் இருக்கணும். அப்படின்னா 49 சதவீதம் வரைக்கும் சிக்கரியா இருக்கலாம். கலவை விகிதம் பாக்கெட்லயே போட்டிருக்கும். "கிலோ 700தான்"னு ஒரு பாக்கெட்டைப் பார்த்து சந்தோஷப்படுறதுக்கு முன்னாடி, அதுல காபி எவ்வளவுன்னு படிங்க. சிக்கரி தப்பில்லை. ஆனா சிக்கரிக்குக் காபி விலை கொடுக்கக் கூடாது.

செய்முறை 2: மெஷின் முறை

1. கூடையில தூளைப் போடுங்க. ஒரு கிளாஸுக்கு 30 கிராம்ல ஆரம்பிங்க.

2. ஜாடியில கோடு வரைக்கும் ஃப்ரிட்ஜ்ல வச்ச தண்ணி. இது ரொம்ப முக்கியம். மெஷின் தண்ணியைக் குளிர வைக்காது. குழாய்த் தண்ணி ஊத்தினா, 15 நிமிஷத்துக்கு அப்புறம் உங்க கைக்கு வர்றது வெதுவெதுப்பான காபி. அதைக் குளிர வைக்க இன்னொரு ஒரு மணி நேரம் ஆகும், இல்லைன்னா ஐஸ் போட்டு நீர்க்க வைக்கணும்.

3. ஓட விடுங்க. சப்புன்னு இருந்தா, தூளைக் கூட்டாதீங்க, முதல்ல இன்னொரு தடவை ஓட விட்டுப் பாருங்க. தூளுக்குக் காசு போகும். 40 வாட் மோட்டார் கால் மணி நேரம் ஓடினா 0.01 யூனிட்தான், சில பைசா.

4. முடிஞ்ச உடனே கூடை, வலை, ஜாடி மூணையும் கழுவிடுங்க. காபி எண்ணெய் வலையில காய்ஞ்சா அடுத்த தடவை பழைய வாடை அடிக்கும்.

ஒரு கிளாஸுக்கு 30 கிராம்னா 36 ரூபாய்.

செய்முறை 3: 9,000 ரூபாய் இல்லாம அதே 15 நிமிஷம்

கோல்ட் ப்ரூ இல்லைன்னாலும் அதுக்கு ரொம்பப் பக்கத்துல வர்ற ஒரு வழி, ஏற்கனவே உங்க வீட்டு சமையலறையில இருக்கு. ஜப்பான்ல சூடான காபியை நேரா ஐஸ் மேல இறக்குற பழக்கம் உண்டு. நம்ம ஃபில்டர்லயும் அதைச் செய்யலாம். 20 கிராம் தூள், 100 மில்லி கொதிக்கிற தண்ணி. இறங்குற கெட்டி டிகாக்ஷனை, ஐஸ் நிரம்பின எவர்சில்வர் டம்ளர்ல ஊத்திக் கலக்குங்க. கண்ணாடி கிளாஸ் வேண்டாம், சூட்டுக்கும் ஐஸுக்கும் நடுவுல விரிசல் விட்டுடும். சூடா போட்டதால வாசனை கூடுதல், கசப்பும் கொஞ்சம் கூடுதல். பாலும் சக்கரையும் சேர்த்துக் குடிக்கிறவங்களுக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. செலவு 24 ரூபாய்.

இந்த வழியை ஞாபகம் வச்சுக்கோங்க. "இப்பவே வேணும்"னு தோணுற நேரத்துக்கு இது போதுமான்னு கடைசியில கேட்கப் போறேன்.

மெஷின் எந்த நேரத்தை மிச்சப்படுத்துது?

நேரத்துல ரெண்டு வகை இருக்கு. ஒண்ணு நாம வேலை செய்யுற நேரம். இன்னொண்ணு, வேலை தானா நடக்குற நேரம்.

பாட்டில் முறையில மொத்தம் 16 மணி நேரம் ஆகுது. அதுல உங்க கை படுற நேரம் எவ்வளவு? தூள் அளந்து கிளற 3 நிமிஷம், வடிகட்ட 4 நிமிஷம், கழுவ 3 நிமிஷம். மொத்தம் 10 நிமிஷம், அதுவும் நாலு கிளாஸுக்கு. ஒரு கிளாஸுக்கு இரண்டரை நிமிஷம். மிச்ச நேரத்துல நீங்க தூங்குறீங்க, ஆபீஸ்ல இருக்கீங்க.

மெஷின்ல 15 நிமிஷம்தான். ஆனா நிரப்ப, கூடையை எடுக்க, மூணு பாகம் கழுவன்னு 8 நிமிஷம் உங்க கைவேலை. ரெண்டு கிளாஸ் போட்டா, கிளாஸுக்கு 4 நிமிஷம். ஸ்டாப்வாட்ச் வச்சு நீங்களே பார்த்துக்கலாம். நம்பர் கொஞ்சம் முன்னப்பின்ன வரலாம், ஆனா மெஷின் உங்க உழைப்பைப் பெருசா குறைக்காது.

அப்போ 9,000 ரூபாய்க்கு என்னதான் கிடைக்குது? நேத்து ராத்திரி யோசிக்காம விட்டதை இன்னைக்கு சரிக்கட்டுற வசதி. அதுக்குத்தான் அந்த விலை. திட்டமிடாம இருக்கிறதுக்கான கட்டணம்னு வச்சுக்கலாம்.

சம்பளக்காரங்க வாழ்க்கையில இந்தக் கட்டணம் பல பேர்ல வருது. பால் பாக்கெட் வாங்க மறந்து, 10 நிமிஷ டெலிவரி ஆப்ல டெலிவரி கட்டணம் கொடுக்குறது. ஊருக்குப் போக முன்னாடியே புக் பண்ணாம, தீபாவளி நேரத்துல ஆம்னி பஸ்ஸுக்கு மூணு மடங்கு கொடுக்குறது. அவசரத்துக்குன்னு காசு ஒதுக்காம, உடனடி கடன் ஆப்ல வட்டி கட்டுறது. எல்லாத்துலயும் விஷயம் ஒண்ணுதான். முந்தின நாள் 10 நிமிஷம் செலவு பண்ணியிருந்தா கிடைச்சிருக்கும், இன்னைக்கு அதுக்குக் காசு கொடுக்குறோம். சில சமயம் அந்தக் காசு நியாயமானது. தப்பு என்னன்னா, எதுக்குக் கொடுக்குறோம்னு தெரியாம கொடுக்குறதுதான்.

"மூணு மாசத்துல காசு திரும்பும்" – எங்கே உடையுது?

மூணு விதமா கணக்கு போடுவோம்.

*கணக்கு அ: விளம்பரக் கணக்கு.* மாசம் 12 கிளாஸ் கஃபேல குடிக்கிறீங்க. 12ம் வீட்டுக்கு மாறுது. ஒரு கிளாஸுக்கு மிச்சம் 250 – 36 = 214 ரூபாய். மாசம் 2,568 ரூபாய். 9,000 ரூபாய் மூணரை மாசத்துல திரும்புது. கணக்கு சரிதான்.

*கணக்கு ஆ: நிஜக் கணக்கு.* அந்த 12ல 8 கிளாஸ் எதுக்குக் குடிச்சீங்க? டீமோட வெளியில போனது, காலேஜ் ஃப்ரெண்டை சந்திச்சது, வீட்டுல ஏ.சி. இல்லாததால கஃபேல உட்கார்ந்து லேப்டாப்ல வேலை பார்த்தது. அங்க காபி ஒரு சாக்கு. நீங்க வாங்கினது நாற்காலியையும் பேச்சையும். வீட்டுல மெஷின் இருந்தாலும் அந்த 8 நிக்காது. நிக்குறது 4தான். மிச்சம் 4 × 214 = 856 ரூபாய்.

இதோட முடியலை. புது மெஷின் வந்த ஆசையில வீட்டுல கூடுதலா மாசம் 16 கிளாஸ் குடிக்க ஆரம்பிக்கிறீங்க. முன்னாடி இல்லாத செலவு இது. 16 × 36 = 576 ரூபாய். நிகர மிச்சம் 280 ரூபாய். 9,000 ரூபாய் திரும்ப 32 மாசம் ஆகும். இந்த மாதிரி சின்ன மெஷினுக்குப் பெரும்பாலும் வாரண்டியே ஒரு வருஷம்தான்.

*கணக்கு இ: தலைகீழ் கணக்கு.* நீங்க கஃபே பக்கமே போறதில்லை. வீட்டுல 12 ரூபாய் செலவுல ஃபில்டர் காபி குடிக்கிறவர். மெஷின் வந்ததும் மாசம் 20 கிளாஸ் அதுக்குப் பதிலா 36 ரூபாய் கோல்ட் ப்ரூ ஆகுது. மாசம் 480 ரூபாய் கூடுதல் செலவு. இங்க காசு திரும்புறதுங்கிற பேச்சே இல்லை. பிடிச்சிருக்குன்னா வாங்கலாம், ஆனா அதை "சேமிப்பு"ன்னு சொல்லக் கூடாது.

மூணு கணக்குலயும் மெஷின் ஒண்ணு, விலை ஒண்ணு, காபி ஒண்ணு. மாறினது ஒரே ஒரு நம்பர்: வீட்டுக் காபி நிஜமா எத்தனை கஃபே காபியை நிறுத்துச்சு? விளம்பரம் அந்த நம்பரை உங்ககிட்ட கேட்கவே கேட்காது. நீங்கதான் கேட்டுக்கணும்.

வாரண்டி சூத்திரம்

எந்தப் பொருளுக்கும் பொருந்துற மாதிரி எளிமையா இப்படி வச்சுக்கோங்க:

மெஷின் விலை ÷ வாரண்டி மாதங்கள் ÷ மாசம் நிஜமா நிக்குற கஃபே கிளாஸ் = ஒரு கிளாஸ் மேல ஏறுற மெஷின் செலவு.

12 கிளாஸும் நின்னா: 9,000 ÷ 12 ÷ 12 = 62.50. தூள் 36 சேர்த்தா 98.50 ரூபாய். கஃபேல 250. வாங்கலாம்.

4 கிளாஸ் மட்டும் நின்னா: 9,000 ÷ 12 ÷ 4 = 187.50. தூள் சேர்த்தா 223.50 ரூபாய். கஃபே விலைக்கு 26 ரூபாய்தான் குறைவு, அதுக்கு நீங்களே பாத்திரமும் கழுவணும்.

"வாரண்டிக்கு அப்புறமும் ஓடுமே"ன்னு கேட்கலாம். ஓடினா லாபம், சந்தோஷம். ஆனா ஓடும்ங்கிற நம்பிக்கையை வச்சுக் கணக்கு போடாதீங்க. ஏர் ஃப்ரையர், மிக்ஸர் பிளெண்டர், உடற்பயிற்சி சைக்கிள் எதுக்கு வேணாலும் இதைப் போட்டுப் பாருங்க.

சம்பளத்துல இது எங்க இடிக்குது?

கைக்கு 35,000 ரூபாய் வாங்குற ஒருத்தரை எடுத்துக்குவோம். வாடகை 9,000. வீட்டுக்கு அனுப்புறது 8,000. சாப்பாடு, பஸ், ரீசார்ஜ் எல்லாம் 8,000. பைக் இ.எம்.ஐ. 3,500. போன் இ.எம்.ஐ. 2,500. மொத்தம் 31,000. மிச்சம் 4,000. அதுல கஃபே 3,000 போனா, கையில நிக்குறது 1,000.

இவர் மெஷினை ஆறு மாச "நோ காஸ்ட் இ.எம்.ஐ."ல வாங்குறார், மாசம் 1,500. கணக்கு ஆ மாதிரி நடந்தா, கஃபேக்கு 2,000, வீட்டுத் தூளுக்கு 720 (20 × 36), இ.எம்.ஐ. 1,500. மொத்தம் 4,220. இருந்தது 4,000. மாசம் 220 ரூபாய் பள்ளம். செலவைக் குறைக்க வாங்கின பொருள், மாசக் கடைசியில கிரெடிட் கார்டை எடுக்க வைக்குது. கார்டு பாக்கியில குறைஞ்சபட்சத் தொகையை மட்டும் கட்ட ஆரம்பிச்சா கதை எங்க போகும்னு உங்களுக்கே தெரியும்.

அதே ஆள் 300 ரூபாய் பாட்டில்ல போட்டா? கஃபே 2,000, தூள் 600 (20 × 30). மிச்சம் 1,400. முதல் மாசமே பாட்டில் காசு வந்துடுது. ரெண்டுக்கும் நடுவுல வித்தியாசம் மாசம் 1,620 ரூபாய். ஆறு மாசத்துல 9,720. அவசர நிதின்னு ஒண்ணு இன்னும் ஆரம்பிக்காதவருக்கு, அது நல்ல முதல் படி.

நோ காஸ்ட் இ.எம்.ஐ. பத்தியும் ஒரு வார்த்தை. வட்டியே இல்லாத கடன்னு ஒண்ணு கிடையாதுன்னு ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பர்லயே வங்கிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பிடுச்சு. நடைமுறையில என்ன நடக்குதுன்னா, வட்டி அளவுக்கு முன்கூட்டியே தள்ளுபடி காட்டி, அதை மாசத் தவணையில வட்டியா வாங்குறாங்க. 9,000 ரூபாய், 6 மாசம், 16 சதவீத வட்டின்னா, உள்ள இருக்கிற வட்டி சுமார் 405 ரூபாய். அந்த வட்டி மேல 18 சதவீத ஜி.எஸ்.டி. 73 ரூபாய் உங்க பொறுப்பு. பிராசஸிங் கட்டணம் 199னா, ஜி.எஸ்.டி.யோட 235. ஆக "நோ காஸ்ட்"க்கு 308 ரூபாய் காஸ்ட். பெரிய தொகை இல்லை. ஆனா பாட்டிலும் துணியும் வாங்குற காசு அது!

அப்போ யார் வாங்கலாம்?

மெஷினே வேண்டாம்னு நான் சொல்லலை. இந்த மூணு பேருக்கு அர்த்தம் இருக்கு:

- வீட்டுல மூணு நாலு பேர் தினமும் கோல்ட் ப்ரூ குடிக்கிறாங்க, பெரிய பாட்டில் வைக்க ஃப்ரிட்ஜ்ல இடம் இல்லை.

- ஷிஃப்ட் வேலை. நாளைக்கு எத்தனை மணிக்கு எழுந்திருப்போம்னே தெரியாது, முன்னாடியே ஊற வைக்க வழியில்லை.

- பாட்டில்ல போட்டுப் பழகி, கஃபே செலவு நிஜமா குறைஞ்சதுன்னு கையில ரெக்கார்டு வச்சிருக்கிறவங்க. கடனில்லாம முழுக் காசு கொடுத்து வாங்க முடியுறவங்க.

வாங்குறவங்க மூணு விஷயம் பாருங்க. ஒண்ணு, வோல்டேஜ். இந்த மாதிரி மெஷின்கள் நிறைய அமெரிக்கச் சந்தைக்காகச் செய்றது, அங்க 120 வோல்ட். நம்ம வீட்டுல 230 வோல்ட். அமெரிக்காவுல இருந்து வர்ற அண்ணன்கிட்ட சொல்லி வாங்கி, நேரா பிளக்ல செருகினா புகை வரும். ரெண்டு, வலை, கூடை, ரப்பர் வளையம் இதெல்லாம் தனியா இங்க கிடைக்குதா? கிடைக்கலைன்னா, 100 ரூபாய் வளையத்துக்காக 9,000 ரூபாய் மெஷின் பரண் ஏறும். மூணு, விமர்சன வீடியோ. கீழே இருக்கிற லிங்க்ல நீங்க வாங்கினா, வீடியோ போட்டவருக்குக் கமிஷன் போக வாய்ப்பு இருக்கு. காசு வாங்கிப் போடுற பதிவுல "விளம்பரம்"னு தெளிவா குறிப்பிடணும்னு இந்திய விளம்பரத் தர கவுன்சில் 2021ல வழிகாட்டுதல் கொண்டு வந்தது. அந்த வார்த்தை இருக்கான்னு பாருங்க.

காஃபின் பத்தியும் சொல்லிடணும். ஆரோக்கியமான பெரியவங்களுக்கு ஒரு நாளைக்கு 400 மில்லிகிராம் வரைக்கும் பரவாயில்லைன்னு அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் சொல்லுது. 25, 30 கிராம் தூள்ல போடுற ஒரு பெரிய கிளாஸ்லயே அதுல பாதி வரைக்கும் வந்துடலாம். ரொபஸ்டா வகையில அராபிகாவை விட கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு காஃபின். கசப்பு தெரியாததால கடகடன்னு உள்ள போயிடும். ராத்திரி தூக்கம் வரலைன்னா மெஷின் மேல தப்பு இல்லை.

30 நாள் ஹோம்வொர்க்

மெஷின் கார்ட்ல இருந்தா, அங்கேயே இருக்கட்டும். அழிக்க வேண்டாம். 30 நாள் மட்டும் இதைப் பண்ணுங்க.

1. போன மாச யு.பி.ஐ., கார்டு ஸ்டேட்மென்ட்டைத் திறந்து, கஃபேன்னு வர்ற ஒவ்வொரு வரியையும் எண்ணுங்க. பக்கத்துல "தனியா" இல்லை "கூட்டத்தோட"ன்னு எழுதுங்க. தனியா போனது மட்டும்தான் வீட்டுக் காபியால நிக்க வாய்ப்பு இருக்குறது.

2. ஞாயிறும் புதனும் ராத்திரி பாட்டில்ல ஊற வைங்க. போன்ல அலாரம் வச்சுக்கோங்க. வாரம் எட்டு கிளாஸ் கிடைக்கும். ஃப்ரிட்ஜ் இல்லாத பி.ஜி. ரூம்னா, ஒரே ஒரு கிளாஸ் அளவுக்கு (25 கிராம் தூள், 250 மில்லி தண்ணி) ராத்திரி 10 மணிக்குப் போட்டு, காலையில வடிகட்டிக் குடிச்சு முடிச்சிடுங்க. மிச்சம் வைக்காதீங்க.

3. "இப்பவே வேணும், ஆனா ஊற வைக்கலை"ன்னு தோணுற ஒவ்வொரு தடவையும் செய்முறை 3ஐப் பண்ணிட்டு, நோட்ல ஒரு கோடு போடுங்க.

4. 30ஆம் நாள் ரெண்டு நம்பரைப் பாருங்க: எத்தனை கஃபே கிளாஸ் நிஜமா நின்னுச்சு? நோட்ல எத்தனை கோடு?

முதல் நம்பரை வாரண்டி சூத்திரத்துல போடுங்க. ஒரு கிளாஸ் செலவு கஃபே விலையில பாதிக்குக் கீழ வந்தா, மெஷினைப் பத்தி யோசிக்கலாம். ரெண்டாவது நம்பர், அதாவது கோடுகள், அஞ்சுக்கும் குறைவா இருந்தா, உங்களுக்கு வேகம் தேவைப்படலை. பாட்டிலும் ஃபில்டருமே போதும். கோடு 15க்கு மேல இருந்து, ஃபில்டர் ஐஸ் காபி உங்களுக்குத் திருப்தியா இல்லைன்னா, மெஷின் வாங்க உங்ககிட்ட ஒரு நேர்மையான காரணம் இருக்கு. அப்பவும் முழுக் காசு சேர்த்துட்டு வாங்குங்க.

இந்தச் சோதனைக்கு ஆகுற செலவு ஒரு பாட்டில், ஒரு துணி, அரை கிலோவுல இருந்து ஒரு கிலோ வரைக்கும் தூள். தூளை எப்படியும் குடிச்சிடுவீங்க. சோதனையில தோத்தாலும் பாட்டில் ஊறுகாய்க்கு ஆகும்.

உங்க 30 நாள் முடிஞ்சதும், எத்தனை கஃபே கிளாஸ் நின்னுச்சுன்னு வீடியோவுக்குக் கீழ கமெண்ட்ல ஒரே ஒரு நம்பரா போடுங்க. 12னு போட்டாலும் சரி, 2ன்னு போட்டாலும் சரி. உங்க காசு எங்க போகுதுன்னு உங்களுக்கே தெரிஞ்ச நம்பர் அது.

அடுத்த பாடத்துல சந்திப்போம்.